ஐந்தாம் அத்தியாயம்: ஓர் ஆண்டுக்கான உதிரிகளும் கிட்டுகளும்

வீட்டின் ஒரு மூலையில் மேஜை போட்டு, ஓய்வு நேரத்தில் சிறு ரோபோக்களைக் கட்டிப் பழகும் அன்பர்களுக்கு எதை எவ்வாறு பொருத்துவது என்பதை முந்தைய அத்தியாயங்கள் எடுத்துரைத்தன. எதை எப்போது வாங்குவது என்பதை இந்த அத்தியாயம் ஆராயப் புகுகின்றது. மாதந்தோறும் புதிய போர்டுகளும் புதிய சென்சார்களும் கடைக்கு வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், கையில் உள்ள பொருளின் குணத்தை முற்ற அறியுமுன்பே அடுத்த பொருளின் மீது ஆசை படர்வது மனித சுபாவம். அந்த ஆசைக்கு எல்லை வகுக்காதவர் வீட்டில், வருஷ முடிவில், பிரிக்கப்படாத பொட்டலங்கள் பலவும் ஓடாத ரோபோ ஒன்றும் மிஞ்சுகின்றன. பணம் வீணாவதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் அதில் ஒன்று உண்டு. கற்கவேண்டும் என்று தொடங்கிய உற்சாகம் வாங்குவதிலேயே செலவழிந்துபோகிறது.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு விதியை வகுத்துக்கொள்வது போதும். எந்தப் பொருளும் ரோபோவின் ஒரு குறையைத் தீர்க்கவே வாங்கப்பட வேண்டும். அந்தக் குறையும் ஊகித்ததாக இராமல் அளந்து கண்டதாக இருக்க வேண்டும். கலியாண வீட்டில் இன்ன பந்திக்கு இன்ன பதார்த்தம் என்று தீர்மானமான பிறகே சமையற்காரர் ஜாபிதா எழுதுகிறார். ஜாபிதா கைக்கு வந்த பிறகே மளிகைக் கடைக்கு ஆள் போகிறது. இங்கும் கிரமம் அதுவே. ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடிட்டு, முதற் பத்தியில் குறையையும், இரண்டாவதில் அதை மெய்ப்பிக்கும் அளவையும், மூன்றாவதில் அதற்குப் பரிகாரமான பொருளையும் எழுதுக. ‘மோட்டாருக்குப் பலம் போதவில்லை’ என்பது முதற் பத்தி. ‘வண்டி ஓடும்போது மோட்டார் முனைகளில் 2.8 வோல்ட்தான் இருக்கிறது’ என்பது இரண்டாம் பத்தி. இரண்டாவதை எழுதியவுடனே, வாங்க வேண்டியது புதிய மோட்டார் அன்று, வேறு டிரைவரோ வேறு பேட்டரியோதான் என்பது தானே விளங்கிவிடுகின்றது. மூன்று பத்திகளும் நிறையாத வரையில் பணப்பையைத் திறக்கலாகாது.

இருப்புக் கணக்கு

திட்டத்தின் முதல் வேலை கடைக்குப் போவதன்று. வீட்டில் உள்ளதைக் கணக்கெடுப்பது. அட்டைப் பெட்டியில் கலந்து கிடக்கும் மோட்டார்களையும், சர்வோக்களையும், ஜம்பர் வயர்களையும், போர்டுகளையும் மேஜைமீது பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கிப் பார்க்க வேண்டும். மோட்டாரைப் பேட்டரியோடு நேராக இணைத்து இரு திசையிலும் சுழற்றுக. சர்வோவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்ல நகர்த்தி, நடுவில் திக்குகிறதா என்று கவனிக்குக. போர்டில் ஒரு விளக்கை மினுக்கச் செய்யும் சிறு புரோகிராமை ஏற்றுக. நன்றாக இருப்பவை, சந்தேகமானவை, இறந்தவை என்று மூன்று டப்பாக்கள் வைத்துக்கொள்வது உத்தமம். இறந்தவற்றிலிருந்தும் சக்கரம், திருகு, கனெக்டர் முதலியவற்றைக் கழற்றி எடுக்கலாம். வேலை செய்யாத பிரின்டர் ஒன்று வீட்டிலோ தெருமுனைக் காயலான் கடையிலோ கிடைத்தால், வழவழப்பான எஃகுத் தண்டும், பல்சக்கரங்களும், பெல்ட்டும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மோட்டார்களும் அதனுள்ளே இருக்கும். அவற்றைப் புதிதாக வாங்க நேர்ந்தால் ஆகும் செலவு சிறிதன்று. பழைய லாப்டாப் பேட்டரியைப் பிளந்து செல்களை எடுக்கும் வழக்கத்தை மட்டும் புதியவர்கள் மேற்கொள்ளலாகாது. லித்தியம் செல் உட்புறத்தில் குறுக்கிணைப்பு ஏற்பட்டால் தீப்பற்றக்கூடிய வஸ்து.

காலத்தைப் பகுத்தல்

நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் படிப்போருக்கும் அவர்களைப் பெற்றோருக்கும் வருஷம் என்பது ஜூனில் தொடங்கி மேயில் முடிவது. ஆகையால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை முதற் காலாண்டு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இரண்டாவது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்றாவது, மார்ச் முதல் மே வரை நான்காவது என்று கொள்ளலாம். நான்காவதில் கோடை விடுமுறை வருவதால், நீண்ட அவகாசம் வேண்டிய வேலையை அதற்கு ஒதுக்குவது பொருத்தம்.

இந்தப் பகுப்புக்கு மற்றொரு பஞ்சாங்கமும் உண்டு. நாம் வாங்கும் உதிரிகளில் பெரும்பாலானவை சீனாவில் செய்யப்படுபவை. சாந்திர மாதக் கணக்கில் வரும் அந்நாட்டுப் புத்தாண்டு, ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே ஏதேனும் ஒரு நாளில் அமையும். அதை ஒட்டிச் சில வாரங்கள் தொழிற்சாலைகளும் சரக்கு நிலையங்களும் மந்தகதியில் இயங்கும். அக்டோபர் 1-இல் தொடங்கும் அவர்களுடைய தேசிய விடுமுறையும் ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். ஆகவே, வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்க வேண்டிய பொருள் எதுவாயினும், மூன்றாம் காலாண்டுக்குரியதை நவம்பரிலேயே கேட்டு எழுதிவிடுவது விவேகம். அப்படித் தருவிப்பவற்றின் விலையோடு சுங்க வரியும், பெரும்பாலான எலக்ட்ரானிக்ஸ் பொருள்களுக்கு 18 சதவீதமாகவுள்ள சரக்கு-சேவை வரியும் சேரும் என்பதை நினைவில் வைத்தே விலை ஒப்பிட வேண்டும். லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால், அவற்றை உள்ளூரில் வாங்குவதே சிலாக்கியம்.

வருஷத்துக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவாயினும், அதைப் பத்துக் கூறாக்கி, முதற் காலாண்டுக்கு மூன்று கூறும், மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு கூறும், எதிர்பாராத சேதத்துக்கு ஒரு கூறும் என வைத்துக்கொள்ளலாம். முதற் காலாண்டுக்குச் சற்று அதிகம் தருவது, அப்போது வாங்கும் கருவிகள் வருஷம் முழுவதும், அதன் பின்னரும் உழைப்பவை ஆதலால். ஒவ்வொரு காலாண்டின் இறுதியிலும் ரோபோவுக்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டும்; அதில் அது தேறிய பிறகே அடுத்த கூற்றைச் செலவிடலாம்.

முதற் காலாண்டு: மேஜை, சக்தி, சக்கரம்

ரோபோவின் மூளையைப் பற்றியே முதலில் சிந்திப்பது பலருடைய வழக்கம். அனுபவத்தில், ஆரம்ப ரோபோக்கள் நின்றுபோவதற்குக் காரணம் மூளையின் குறைவாக இருப்பது அபூர்வம். மின்சக்தியின் குறைவாகவோ இணைப்பின் தளர்ச்சியாகவோ இருப்பதே பெரும்பான்மை. ஆகையால் முதலில் மல்டிமீட்டர் ஒன்றும், உஷ்ணத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சால்டரிங் அயர்ன் ஒன்றும், வயர் உரிக்கும் கட்டர் ஒன்றும் வாங்குக. மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் வரை அளக்கும் துளை இருப்பது அவசியம். ஏன் என்பதைச் சற்றே கீழே காண்போம்.

போர்டு விஷயத்தில், ஆர்டுயினோ யூனோ முதல் வருஷத்துக்குத் தாராளமாகப் போதும். இத்தாலியிலுள்ள இவ்ரேயா நகரத்தில், வடிவமைப்பு மாணவர்களுக்கென்று 2005-இல் தோன்றிய இந்த முயற்சியின் யூனோ என்ற வடிவம் 2010-இல் வெளிவந்தது. 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும், 32 கிலோபைட் புரோகிராம் இடமும், 2 கிலோபைட் நினைவும் உடைய அதன் சிப், இன்றைய அளவுகோலில் மிகச் சிறியதே. ஆயினும் ஒரு கோட்டைத் தொடர்வதற்கோ ஒரு சுவரைத் தவிர்ப்பதற்கோ அதற்குமேல் வேண்டியதில்லை. இதன் ஒவ்வொரு முனையும் 20 மில்லி ஆம்பியர் அளவில் மட்டுமே மின்சாரம் தரத்தக்கது. மஞ்சள் நிறப் பெட்டியில் வரும் பிஓ மோட்டாரோ நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியரை இழுப்பது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று, சிறிய ஆணையை ஏற்றுப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சாதனமே மோட்டார் டிரைவர்.

இந்த டிரைவரைத் தேர்ந்தெடுப்பதில் சற்று நிதானிக்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது, சிவப்புப் பலகையில் கறுப்பு அலுமினியத் தகடு நிமிர்ந்து நிற்கும் எல்298என். பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆன இது, 1 ஆம்பியர் ஓடுகையில் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. 1.2 வோல்ட் வீதம் நான்கு ரீசார்ஜ் செல்களை வரிசையாக இணைத்தால் கிடைக்கும் 4.8 வோல்ட்டில் 2 போக, மோட்டாருக்கு எஞ்சுவது 2.8 வோல்ட். வண்டி நகரத் தயங்குவதன் ரகசியம் இதுவே. டிபி6612 என்ற சிறிய டிரைவரோ மாஸ்பெட் வகையைச் சேர்ந்தது. அதன் உள் மின்தடை ஏறத்தாழ அரை ஓம் மட்டும் ஆதலால், அரை ஆம்பியர் ஓடும்போது கால் வோல்ட்தான் இழக்கிறது. ஆனால் அது ஒரு மோட்டாருக்குத் தொடர்ச்சியாகத் தரத்தக்கது 1.2 ஆம்பியர் வரையில் என்பதால், மோட்டார் முட்டி நின்றுவிட்டால் எவ்வளவு இழுக்கும் என்பதை அறிந்தே அதைப் பொருத்த வேண்டும். அதற்குத்தான் 10 ஆம்பியர் துளை. மீட்டரை மோட்டாரோடு வரிசையில் இணைத்து, சக்கரத்தை விரல்களால் இறுகப் பிடித்து நிறுத்தி, ஒரு விநாடிக்குள் எண்ணைப் படித்துவிட்டு விடுவிக்குக. அந்த எண் டிரைவரின் எல்லைக்கு உட்பட்டிருந்தால் நிம்மதி.

பேட்டரிக்கு 18650 என்ற லித்தியம் செல்கள் இரண்டை வரிசையாக இணைப்பது நல்ல ஏற்பாடு. அந்தப் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொன்றும் முழுதாக ஏற்றப்பட்டபோது 4.2 வோல்ட்டும், சராசரியாக 3.7 வோல்ட்டும் தருவது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடுவது அதன் ஆயுளைக் கெடுக்கும். இரண்டு சேர்ந்து 8.4 வோல்ட் வரை வருவதால், 6 வோல்ட்டுக்கென்று செய்த மோட்டாரைக் காக்க, புரோகிராமில் வேகத்தை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துக. வாங்கும்போது உறையில் அச்சிட்டதை அப்படியே நம்பலாகாது. நல்ல 18650 செல்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையவை. 9,900 என்று அச்சிட்ட செல் சந்தேகத்துக்கு இடமின்றிப் போலி. மெய்யான செல் ஏறத்தாழ 45 கிராம் எடை இருக்கும். சிறிய தராசில் வைத்துப் பார்க்கையில் அது மிகவும் குறைந்தால் உள்ளே இருப்பது வேறு. செல்லுக்கு ஏற்ற சார்ஜரையும் பாதுகாப்புச் சர்க்யூட்டையும் உடன் வாங்காமல் செல்லை மட்டும் வாங்குவது முறையன்று.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் முன்னரே கணக்கிடலாம். இரு மோட்டார்களும் ஓடுகையில் தலா 250 மில்லி ஆம்பியரும், போர்டும் சென்சார்களும் சேர்ந்து 150-உம் இழுத்தால் மொத்தம் 650. வரிசையாக இணைத்த 2,000 மில்லி ஆம்பியர்-மணி செல்களில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்துவதாகக் கொண்டால், ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இந்தக் காலாண்டின் பரீட்சை: ரோபோ அரை மணி நேரம் இடைவிடாமல் முன்னும் பின்னும் ஓட வேண்டும், அதற்குள் போர்டு ஒரு முறையேனும் தானே மறுதொடக்கம் ஆகலாகாது, டிரைவர் விரல் வைக்க முடியாதபடி சுடலாகாது.

இரண்டாம் காலாண்டு: புலன்கள்

ஓடக் கற்ற ரோபோவுக்கு உணரக் கற்பிப்பது அடுத்த படி. இங்கே ஆசை பல திசைகளில் இழுக்கும். வாயுவை உணர்வது, நிறத்தை உணர்வது, இதயத் துடிப்பை உணர்வது என்று முப்பது சென்சார்கள் ஒரே பெட்டியில் விற்கப்படுவதும் உண்டு. ஒரு காலாண்டில் இரண்டு புலன்களுக்கு மேல் சேர்க்காதிருத்தல் நலம். முதலாவது, தரையைப் பார்க்கும் அகச்சிவப்புச் சென்சார்கள். இரண்டு கொண்டு தொடங்கலாம் என்றாலும், ஐந்து சேர்ந்த வரிசை ஒன்றை வாங்கினால், கோடு எந்தப் பக்கம் எவ்வளவு விலகியது என்ற அளவும் கிடைக்கிறது. அந்த அளவு கிடைத்த பிறகே, பிழைக்குத் தக்கபடி திருத்தும் பிஐடி என்ற கட்டுப்பாட்டு முறையைக் கற்க முடியும். ரோபோத் துறையின் மிக அருமையான பாடங்களுள் அது ஒன்று.

இரண்டாவது, எச்சி-எஸ்ஆர்04 என்ற ஒலியலைச் சென்சார். 40 கிலோஹெர்ட்ஸில் நம் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை தூரம் அறிவது இது. மைக்ரோ விநாடிகளை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும் என்று எல்லா உதாரணப் புரோகிராம்களிலும் எழுதியிருப்பார்கள். அந்த 58 என்பது 20 டிகிரி உஷ்ணத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்லும் என்ற கணக்கிலிருந்து பிறந்தது. 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் 352 மீட்டராகக் கூடுவதால், மெய்யாக 2 மீட்டர் தொலைவிலுள்ள சுவரைச் சென்சார் ஏறக்குறைய 195 சென்டிமீட்டர் என்று சொல்லும். இந்தப் பிழையைத் திருத்த வேறு சென்சார் வேண்டியதில்லை; புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அளந்து அறிந்தவருக்குச் செலவு எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு இதைவிட நேரான திருஷ்டாந்தம் வேண்டாம்.

யூனோவுக்குப் பதிலாக ஈஎஸ்பி32 என்ற போர்டை மேற்கொண்டவர்கள் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது 3.3 வோல்ட்டில் இயங்குவது. இந்தச் சென்சாரோ எதிரொலி முனையில் 5 வோல்ட்டைத் திருப்பித் தருவது. 1,000 ஓமும் 2,000 ஓமும் உள்ள இரண்டு ரெஸிஸ்டர்களை வரிசையாக இணைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து எடுத்தால் 3.3 வோல்ட் கிடைக்கும். சில காசு பெறுமான இந்த இரண்டு உதிரிகள் ஒரு போர்டின் உயிரைக் காப்பவை.

இந்த மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்வதால், சென்சார்களையும் போர்டுகளையும் இறுக மூடும் டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்துக் காக்க. இக்காலாண்டின் பரீட்சை: கறுப்பு டேப் ஒட்டிய வளையத்தைப் பத்துச் சுற்று விலகாமல் சுற்றி, எதிரே வைத்த அட்டைக்கு 20 சென்டிமீட்டர் முன்னதாக நிற்க வேண்டும்.

மூன்றாம் காலாண்டு: அளந்து நகர்தலும் ஒரு கையும்

இதுவரை ரோபோ தான் எவ்வளவு தூரம் வந்தது என்பதை அறியாது. நேரத்தைக் கொண்டு குத்துமதிப்பாகச் சென்றது. சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர் இந்தக் குறையைத் தீர்க்கிறது. 65 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வழக்கமான சக்கரத்தின் சுற்றளவு 204 மில்லிமீட்டர். அதனோடு 20 துளையுள்ள தட்டை மாட்டினால், ஒரு துடிப்புக்கு 10 மில்லிமீட்டர் நகர்ந்ததாக அறியலாம். அது போதவில்லை என்று நோட்டுப் புத்தகம் சொல்லுமாயின், பின்புறத்தில் காந்த என்கோடர் பொருத்திய என்20 மோட்டார்களை வாங்கலாம். மோட்டார்த் தண்டின் ஒரு சுற்றுக்கு 7 துடிப்பும், 1:100 பல்சக்கர விகிதமும் உள்ளதாயின், சக்கரம் ஒருமுறை சுற்ற 700 துடிப்புகள். 43 மில்லிமீட்டர் சக்கரத்தில் ஒரு துடிப்பு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. 1977-இல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் பத்திரிகை அறிவித்த மைக்ரோமவுஸ் போட்டியின் வழிவந்த பந்தயங்களில், 18 சென்டிமீட்டர் பக்கமுள்ள அறைகள் பதினாறுக்குப் பதினாறாக அமைந்த புதிர்வழியில் தானே பாதை கண்டு ஓடும் சிறு ரோபோக்களுக்கு, இத்தகைய துல்லியமே ஆதாரம். மும்பை ஐஐடியின் டெக்பெஸ்ட் டிசம்பரிலும், சென்னை ஐஐடியின் சாஸ்த்ரா ஜனவரியிலும் நடைபெறுவது வழக்கம். இவற்றில் ரோபோப் போட்டிகளைக் கண்ணால் கண்டு வருவது பல புத்தகங்களுக்குச் சமானம்.

கை வேண்டுவோர் சர்வோ வாங்குமுன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90 சர்வோவின் திருகுவலிமை 1.8 கிலோ-சென்டிமீட்டர் என்பர். அதாவது, தண்டிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோவைத் தாங்கும். 10 சென்டிமீட்டர் நீளக் கையின் நுனியிலோ 180 கிராமைத்தான் தாங்கும். அதுவும் திணறி நிற்கும் எல்லை. நீடித்து உழைக்க வேண்டுமாயின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 கிராம் என்று கொள்ளுக. அந்த 60 கிராமில் கையின் சொந்த எடையும் அடங்கும். கனமான வேலைக்கு எம்ஜி996ஆர் போன்ற உலோகப் பல்சக்கர சர்வோ வேண்டும். அது திணறும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஆதலால், ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுக்கலாகாது. வோல்ட்டைக் குறைக்கும் தனிக் கன்வெர்ட்டர் ஒன்றின் வழியாகப் பேட்டரியிலிருந்து கொடுத்து, கிரவுண்டு வயர்களை மட்டும் பொதுவாக இணைக்க வேண்டும். சர்வோ வாங்கும் நாளிலேயே அந்தக் கன்வெர்ட்டரையும் வாங்கிவிடுக. இக்காலாண்டின் பரீட்சை: 1 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் நிற்க வேண்டும்.

நான்காம் காலாண்டு: கண்ணும் மூளையும்

இப்போதுதான் மூளையை மாற்றும் யோசனைக்கு உரிமை பிறக்கிறது. யூனோவின் 2 கிலோபைட் நினைவில் ஒரு சிறிய படம்கூட அடங்காது. ஆகையால் காமிராவை விரும்புவோர்க்குப் புதிய போர்டு மெய்யான தேவை. குறைந்த செலவில் தொடங்க, 2 மெகாபிக்ஸல் காமிரா பொருத்திய ஈஎஸ்பி32-கேம் உண்டு. பலவற்றில் யுஎஸ்பி துளை இராது என்பதால், புரோகிராம் ஏற்றும் அடாப்டரையும் ஜாபிதாவில் சேர்க்க. அதற்கு மேலே ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. ராஸ்பெரி பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் பரிந்துரைக்கப்படுகிறது. ஓடும் வண்டியின் மேலே அவ்வளவு சக்தியைப் பேட்டரியிலிருந்து தருவது தனியொரு திட்டம். போர்டின் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர், பேட்டரி, கன்வெர்ட்டர், குளிர்விக்கும் விசிறி, மெமரி கார்டு ஆகியவற்றின் விலையைப் பின்னரே காண்கிறார்கள்.

ஆர்ஓஎஸ் 2 என்ற ரோபோ மென்பொருளைப் பயில விரும்புவோர், மென்பொருளின் வெளியீட்டை முதலில் தேர்ந்து, பிறகே போர்டைத் தேர வேண்டும். 2022-இல் வந்த ஹம்பிள் வெளியீடு உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்புக்கு உரியது; 2024-இல் வந்த ஜாஸி உபுண்டு 24.04-க்கு உரியது, 2029 வரை ஆதரவு உடையது. இவ்விரண்டு உபுண்டுப் பதிப்புகளுள் ராஸ்பெரி பை 5-இல் இயங்குவது 24.04-தான் ஆதலால், அந்தப் போர்டை வாங்குவோர் ஜாஸியைத் தொடர்வதே இசைவு. யூனோவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரிய போர்டு சிந்திக்க, யூனோ மோட்டார்களையும் என்கோடர்களையும் கவனிக்க, இரண்டும் யுஎஸ்பி வயரால் பேசிக்கொள்வது சிறந்த வேலைப் பங்கீடு. இக்காலாண்டின் பரீட்சை: அறையில் எங்கோ கிடக்கும் சிவப்புப் பந்தைத் தானே கண்டு, அருகே சென்று நிற்க வேண்டும்.

கிட்டா, உதிரியா?

கிட்டின் பெருமை, அதிலுள்ள உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்ற உறுதி. முதல் நாளிலேயே ஏதேனும் ஒன்று ஓடும் என்ற சந்தோஷம். பத்து வயதுக் குழந்தைக்கு அந்தச் சந்தோஷம் மிகவும் அவசியம். உதிரியின் பெருமை, ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்ற சுதந்திரம். ஆகவே கிட் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க. இதன் மோட்டாரும் சென்சாரும் தனியே கிடைக்குமா? சாதாரண கனெக்டர்களும் திருகுகளும் இதில் பொருந்துமா? இதைச் செய்த கம்பெனி நாளை இதை நிறுத்திவிட்டால் இது இயங்குமா?

மூன்றாவது கேள்வி வீண் பயமன்று. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆங்கி என்ற கம்பெனி, வெக்டர் என்ற அழகிய சிறு ரோபோவை 2018-இல் வெளியிட்டு, 2019-இல் மூடப்பட்டது. வெக்டரின் பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை கம்பெனியின் ஸர்வர்களில் நடந்துவந்தமையால், வாங்கியவர்கள் கவலைக்குள்ளானார்கள். பின்னர் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றது. 1998 முதல் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை ரோபோக் கலைக்கு அழைத்துவந்த லீகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசைகூட 2022-இன் இறுதியோடு நிறுத்தப்பட்டது. நெடுங்காலம் நம்பத்தக்கது, வரைபடமும் புரோகிராமும் பகிரங்கமாக வெளியிடப்பட்ட திறந்த வடிவமைப்பு. எஸ்ஓ-100 என்ற ரோபோக் கை இதற்கு நல்ல உதாரணம்: உறுப்புகளை எவரும் திரீடி பிரின்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம், கைக்கு ஆறு சர்வோக்களைக் கடையில் வாங்கலாம், அந்தச் சர்வோக்கள் தாம் நிற்கும் கோணத்தைத் திருப்பிச் சொல்லவும் வல்லவை. முதல் வருஷத்தில் நன்கு தேர்ச்சி பெற்றவர்க்கு இரண்டாம் வருஷத்துக்குரிய இலக்காக இதைச் சிபாரிசு செய்கிறேன்.

திரீடி பிரின்டரை முதல் வருஷத்தில் வாங்க வேண்டியதில்லை. பாகத்தை அச்சிட்டுத் தருவோர் நகரங்களில் இருக்கிறார்கள். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் அமைந்துள்ள பள்ளியில் உங்கள் குழந்தை படித்தால், அங்கே பிரின்டரும் கருவிகளும் ஆறாம் வகுப்பு முதல் மாணவர்கள் பயன்படுத்தவென்றே வைக்கப்பட்டுள்ளன; ஆசிரியரை அணுகிக் கேட்பது உங்கள் உரிமை.

கடைவீதியில்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும், பெங்களூரில் எஸ்.பி. ரோடும், மும்பையில் லேமிங்டன் ரோடும் இந்தக் கலைக்குப் பெரும் துணை. நேரே சென்று வாங்குவதில், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்ற லாபம் இருக்கிறது. மோட்டாரின் தண்டை விரலால் அசைத்து ஆட்டம் அதிகமா என்று பார்க்க. இரு மோட்டார்களை ஒரே பேட்டரியில் ஓட்டச் சொல்லி, ஒத்த வேகமுள்ள ஜோடியைத் தேர்க. போர்டின் சால்டர் இணைப்புகள் பளபளப்பாக உள்ளனவா என்று வெளிச்சத்தில் சாய்த்து நோக்குக. எளிதில் உடையும் மலிவான பொருளை, அதாவது சிறு சர்வோ, டிரைவர், ஒலியலைச் சென்சார் முதலியவற்றை, இரண்டிரண்டாக வாங்குக. ஒன்று கருகினால் வேலை நிற்காது என்பதோடு, பழுது எங்கே என்று கண்டறிய மாற்றிப் போட்டுப் பார்க்கவும் உதவும். விலையுயர்ந்த பொருளை ஒன்றே வாங்கி, அதன் டேட்டாஷீட்டை முழுவதும் படித்த பிறகே மின்சாரம் கொடுக்க.

வருஷ முடிவில்

மே மாதத்தின் கடைசி வாரத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அது எந்தக் குறைக்கென்று வாங்கப்பட்டதோ அந்தக் குறை தீர்ந்ததா என்று குறிப்பிடுக. தீர்ந்தவை ரோபோவிலேயே இருக்கட்டும். தீராதவற்றில், அளவு தவறியதால் வந்தவை எவை, பொருளின் தரக்குறைவால் வந்தவை எவை என்று பிரித்து எழுதுக. ஆறு மாதமாகத் தொடப்படாத பொருளை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ பள்ளி ஆய்வகத்துக்கோ தந்துவிடுக. உபயோகிப்பவர் கையில் இருப்பதே உபகரணத்துக்கு அழகு. லித்தியம் பேட்டரிகளை நீண்ட நாள் ஓய்வில் வைப்பதாயின், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் வைக்க.

ஒரு பரீட்சையில் ரோபோ தேறாமற்போனால், அந்தக் காலாண்டை நீட்டிக்கத் தயங்க வேண்டாம். நான்கு காலாண்டின் பாடத்தை ஆறில் முடித்தவர் எதையும் இழந்தவரல்லர். கோட்டைத் தொடரும் ரோபோவை ஒரு வருஷம் முழுவதும் செப்பனிட்டு, அதன் ஒவ்வொரு எண்ணையும் அறிந்தவர், அடுத்த வருஷம் எந்தப் புதிய போர்டு வந்தாலும், அதைத் தமக்கு வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒரு நிமிஷத்தில் தீர்மானிக்கும் சக்தியைப் பெற்றிருப்பார். அந்தச் சக்தியைப் பெற்றவர் புதிய வருஷத்தின் ஜாபிதாவை இன்றே எழுதத் தொடங்கலாம். முதல் வரியில், இந்த வருஷத்து ரோபோவால் செய்ய முடியாமற்போன ஒரே ஒரு காரியத்தை எழுதுக.